நாடாப்புழு முட்டையின் சுவர்

நேயர்களுக்கு வணக்கம். நாடாப்புழு என்றாலே அது எத்தனை முழ நீளம் என்றுதான் கேட்பார்கள். நான் இன்று பேச விரும்புவது அதன் முட்டையைப் பற்றி, குறிப்பாக அந்த முட்டையின் சுவரைப் பற்றி.

பன்றி நாடாப்புழுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுண்ணோக்கியில் அது பழுப்பு நிற உருண்டை. தடித்த விளிம்பு முழுவதும் நெருக்கமான கோடுகள் மையத்தை நோக்கி ஓடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அந்தக் கோடுகள் என்னவென்று புரிகிறது. உறுதியான புரதக் கட்டிகள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் சாந்து பூசியதுபோல் ஓர் ஒட்டுப்பொருள். அதற்கும் உள்ளே மெல்லிய சவ்வு. சவ்வுக்குள் ஆறு கொக்கிகளோடு கரு. மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும்; முட்டையை மட்டும் பார்த்து எந்தப் புழு என்று சொல்ல முடியாது.

இந்தச் சுவர் இருப்பதால் ஈர மண்ணில் முட்டை மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரினும் அதைக் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும். அதே சுவர் நம் குடலுக்குள் போனதும் செரிமான நீரில் அந்தச் சாந்து கரைந்து, கட்டி கட்டியாக உதிர்ந்துவிடுகிறது. பித்தநீர் பட்டதும் பன்றி நாடாப்புழுவின் கரு விழித்துக்கொள்கிறது; குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. மூளையில் போய்த் தங்கினால் இளம்புழு அடங்கிய நீர்க்கட்டியாகிறது. அதனால் வலிப்பு வரலாம்.

"நான் பன்றி இறைச்சி தொடுவதே இல்லை, எனக்கென்ன?" என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1992இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நியூயார்க்கில் சமய ஆசாரம் வழுவாத யூதர்கள் நான்கு பேர். ஒருவருக்கொருவர் உறவில்லை. பன்றி இறைச்சி அவர்களுக்கு விலக்கு. ஆனாலும் நால்வர் மூளையிலும் பன்றி நாடாப்புழுவின் கட்டி! மருத்துவர்கள் அந்த வீடுகளில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்தார்கள். ஒருவர் குடலில் புழு இருந்தது. பாவம், அவருக்கே அது தெரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் கையிலிருந்து உணவுக்குப் போயிருக்கின்றன.

திரும்பவும் சொல்கிறேன், நேயர்களே. பன்றி இறைச்சியில் இருப்பது நீர்க்கட்டி, முட்டை அல்ல. அதைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் குடலில் புழு வளரும். மூளைக்குக் கட்டி வருவது முட்டையால். அந்த முட்டை வருவது மனித மலத்திலிருந்து. பன்றியைக் குறை சொல்லிவிட்டுக் கை கழுவாமல் இருந்தால் பயனில்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; சமைப்பவரும் கழுவட்டும், பரிமாறுபவரும் கழுவட்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வேலூரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வலிப்பு நோயாளிகளின் சிடி ஸ்கேனில் தெரிந்த சிறு புள்ளிகளைக் காசநோய் என்று கருதி மருந்து கொடுத்துவந்த காலம் அது. அவற்றில் பல நாடாப்புழுக் கட்டிகளே என்று திசுவை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். நன்றி, வணக்கம்.