இருபத்தஞ்சு ஆம்பளைங்களும் ஒரு பொண்ணும்

வணக்கம். மைக் முன்னாடி உக்கார வச்சிட்டாங்க, அஞ்சு நிமிஷம்தான்னும் சொல்லிட்டாங்க, நான் இழுக்குற ஆளு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற தம்பி கை காட்டினா நிறுத்திக்கிறேன்.

காலேஜ் டிராமால எனக்கு எப்பவும் ஆம்பள வேஷம்தான், உயரமா இருப்பேன், குரலும் கொஞ்சம் கட்டை. ஸ்பிரிட் கம் தடவி மீசை ஒட்டுவாங்க பாருங்க, லைட்டு சூட்டுல வேர்த்து ஒரு ஓரம் மட்டும் கிளம்பிக்கும், மேலுதட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வசனம் பேசணும். உள்ள விசில் பறக்கும். அதே பேண்ட் சட்டையோட பஸ் ஸ்டாப்புல வந்து நின்னா ஒரு பெரியவர் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்துட்டு தள்ளிப் போய் நின்னாரு. நடுவுல இருந்தது ஒரு காம்பவுண்டு சுவர்தான். நம்ம கே.பி.சுந்தராம்பாள் 1935லயே சினிமால நந்தனாரா நடிச்சவங்க, ஆனா அது கதைக்குள்ள இருந்துச்சு.

நான் சொல்ல வந்தது அமெரிக்காவுல கதைக்கு வெளியவும் அந்த உடுப்போடவே நடமாடின பொண்ணுங்கள பத்தி. மேடைல வேஷம் கட்டி ஆடுற டிராக்னு சொன்னாலே நமக்கு பொம்பள வேஷம் கட்டுற ஆம்பளைங்கதான் கண்ணுக்கு வருவாங்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல பொண்ணுங்களும் இருந்தாங்க.

கிளாடிஸ் பென்ட்லினு ஒருத்தங்க. நியூயார்க்ல ஹார்லெம், 133வது தெரு, 1920கள் கடைசி. மதுவிலக்கு அமல்ல இருக்கு, அதனாலயே தெரு பூரா திருட்டுத்தனமா சாராயம் விக்குற கிளப்புங்க. நல்ல வாட்டசாட்டமான கறுப்பினப் பெண், வெள்ளை டக்ஸீடோ, தலைல டாப் ஹாட், பியானோ முன்னாடி உக்காந்து ஊரே பாடிக்கிட்டிருக்குற பாட்டுக்கு பச்சை பச்சையா வரி மாத்திப் போட்டுப் பாடுவாங்க, முன் வரிசைல உக்காந்திருக்குற பொண்ணுங்ககிட்ட கண்ணடிப்பாங்க. அப்புறம் உபாங்கி கிளப்ல இவங்க ஆம்பள உடுப்புல நடுவுல நிக்க, பின்னாடி பொம்பள வேஷத்துல ஆம்பளைங்க ஆடுவாங்க. எனக்கு டைம் மெஷின் கெடைச்சா மொதல்ல அங்கதான் போவேன்.

மதுவிலக்கு 1933ல போச்சு, அந்தக் கிளப்புங்களும் ஒண்ணொண்ணா அடங்கிருச்சு. கிளாடிஸ் கலிஃபோர்னியா பக்கம் போனாங்க. அங்க ஒரு கிளப்ல இவங்க பாவாடைக்குப் பதிலா பேண்ட் போட்டுப் பாடுறதுக்கு போலீஸ்கிட்ட பெர்மிட் வாங்க வேண்டியிருந்துச்சு. யாரோ ஒரு ஆபீசர் இதுக்கு ஒரு பேப்பர்ல சீல் குத்தியிருப்பாரு பாருங்க! 1952ல ஒரு பத்திரிகைல, நான் திரும்பவும் பெண்ணாயிட்டேன்னு இவங்க பேர்லயே ஒரு கட்டுரை வந்துச்சு, சிகிச்சை எடுத்தேன், குணமாயிட்டேன்னு. அமெரிக்கால அப்ப ஒரே பாலினத்த விரும்புறவங்கள தேடித்தேடி வேலைய விட்டுத் துரத்திக்கிட்டிருந்த காலம். மனசாரத்தான் எழுதினாங்களானு எனக்கு நம்பிக்கை வரல. 1960ல நிமோனியா வந்து 52 வயசுல போயிட்டாங்க.

சட்டம் எப்படி இருந்துச்சுன்னா, நியூயார்க்ல 1845லயே ஒண்ணு போட்டாங்க, முகத்த மறைச்சு வேஷம் போட்டு வெளிய வரக்கூடாதுன்னு. அது குத்தகை விவசாயிங்களுக்காக போட்டது, அவங்க முகத்துல சாயம் பூசிக்கிட்டு பண்ணையாருங்க ஆளுங்கள விரட்டுனாங்க, அத அடக்க. நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு அதையே தூசி தட்டி எடுத்து, அந்த மாதிரி ஆளுங்க கூடுற கே பாருங்கள்ல மாட்டுனவங்க மேல போட்டாங்க போலீஸ்காரங்க.

இந்த நியூயார்க்லதான் ஸ்டோர்மே டிலார்வரினு ஒருத்தங்க மேடையேறினாங்க. இவங்களுக்குத்தான் நான் மெயினா வந்ததே. பொறந்தது நியூ ஆர்லியன்ஸ், அம்மா கறுப்பு, அப்பா வெள்ளை. ஜுவல் பாக்ஸ் ரெவ்யூனு பொம்பள வேஷம் கட்டுற ஆம்பளைங்களோட ஒரு குழு, 1939ல மயாமில ஆரம்பிச்சது, கறுப்பர் வெள்ளையர் எல்லாம் ஒரே மேடைல, அந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம். 1955லேர்ந்து 1969 வரைக்கும் இவங்க அதுல தொகுப்பாளர். விளம்பரமே இருபத்தஞ்சு ஆண்கள், ஒரு பெண். ஹார்லெம்ல அப்பல்லோ தியேட்டர்ல உக்காந்திருக்குற சனம் பூரா ஆடுற அழகிங்கள்ல யாரு அந்த ஒரு பொண்ணுன்னு தேடிக்கிட்டிருக்கும், இடுப்பப் பாக்கும், தொண்டைக்குழியப் பாக்கும், ஷோ ஆரம்பிச்சதுலேர்ந்து கோட்டு சூட்டுல கட்டைக்குரல்ல பாடிக்கிட்டு எல்லாரையும் அறிமுகம் பண்ணிக்கிட்டிருக்குற அந்த ஆம்பள மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. கடைசில ஒரு பாட்டு, அதுலதான் உடைப்பாங்க, நான்தாங்க அதுன்னு.

1969 ஜூன்ல நியூயார்க்ல ஸ்டோன்வால்னு ஒரு கே பார்ல போலீஸ் ரெய்டு, கலவரம் ஆச்சு, மொத குத்து விட்டது இவங்கதான்னு ஒரு பேச்சு உண்டு, இல்லன்னு சொல்றவங்களும் உண்டு, அந்தப் பஞ்சாயத்து முடியவே முடியாது.

2021ல பிரிட்டன்ல ருபாலோட டிராக் ரேஸ்ங்குற டிவி போட்டில விக்டோரியா ஸ்கோன்னு ஒரு பொண்ணு டிராக் குயினா வந்தாங்க. பொறந்ததுலேர்ந்து பொண்ணாவே வாழ்றவங்க அந்த ஷோல போட்டியாளரா வர்றது அதான் மொத தடவ. பொண்ணு பொண்ணு வேஷம் கட்டுறதுல என்ன இருக்குன்னு கேக்குறாங்க. அரை இஞ்சுக்கு மேக்கப்ப அப்பி, வீட்டு வாசல் ஒசரத்துக்கு விக் வச்சுக்கிட்டு எந்தப் பொண்ணுங்க காய்கறி வாங்கப் போகுது? அதுவும் வேஷம்தான். பாவம் முட்டி அடிபட்டு சீக்கிரமே வெளிய வந்துட்டாங்க.

தம்பி கை காட்டுறாரு. இதோ. ஸ்டோர்மே மேடைய விட்ட பிறகு நியூயார்க்ல லெஸ்பியன் பாருங்களுக்கு பவுன்சர் ஆனாங்க, கபி ஹோல், ஹென்ரியட்டா ஹட்சன் இங்கெல்லாம். எண்பது வயசு தாண்டியும். துப்பாக்கி லைசென்ஸோட. உள்ள வர்ற பொண்ணுங்க எல்லாம் அவங்களுக்கு கொழந்தைங்கதான், தெருவுல யாராவது அந்தப் பொண்ணுங்ககிட்ட வம்பு பண்றாங்களானு நடந்து நடந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. 2014 மே மாசம் இறந்தாங்க, வயசு 93. உள்ள ஆடிக்கிட்டிருந்த சின்னப் பொண்ணுங்கள்ல எத்தன பேருக்கு வாசல்ல நிக்குற பாட்டி அப்பல்லோல பாடினவங்கன்னு தெரிஞ்சிருக்கும்?

சரி தம்பி, பாட்டப் போடுங்க.