கண்ணாடிக்குப் பின்னால் ஏன் வரைய வேண்டும்?

வணக்கம். காரைக்குடியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி நான்கு நாட்களாக என்னை விடவில்லை. "ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் லண்டன், நியூயார்க் எல்லாம் பார்த்தவர். அவர் ஏன் எங்கள் வீட்டுப் பூஜை அறைப் படத்தைப் போலக் கண்ணாடியின் பின்புறம் வரைந்தார்? தாளில் வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டால் அதே அழகு வராதா?" என்கிறார்.

வராது. ஆற்றங்கரைக் கூழாங்கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், நிறம் எழுந்து நிற்கும். காய்ந்தால் மங்கிவிடும். தாள் படத்துக்கும் சட்டக் கண்ணாடிக்கும் நடுவில் காற்று இருக்கிறது. கண்ணாடி ஓவியத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. அதனால் அது என்றைக்கும் நனைந்த கல்தான்.

ஆனால் என்னை மயக்குவது அந்தப் பளபளப்பைவிட, வேலையின் வரிசை. பின்புறம் தீட்டி முன்புறமிருந்து பார்ப்பதால், கண்ணாடியில் கடைசி வேலைதான் முதல் வேலை. தாளில் கண் வரைந்தால் வெள்ளையைப் பூசி, அதன் மேல் கருமணியை வைப்போம். இங்கே கருமணி முதலில். அது காய்ந்த பிறகு அதன் மேலேயே வெள்ளை, பிறகு முகத்தின் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. முகத்தின் நிறத்தைப் பூசிய பிறகு மூக்குத்தி நினைவுக்கு வந்தால் வைக்க இடமில்லை. இடம் வலமும் மாறும். சுவாமி வலக்கையால் ஆசி வழங்க வேண்டுமானால், வரைகிறவர் அதை இடக்கையாகத் தீட்ட வேண்டும். முடிந்த படத்தை முதலிலேயே மனத்தில் கண்டவருக்குத்தான் இது வசப்படும்.

சுப்ரமணியனின் வாழ்க்கையைப் பாருங்கள். கல்பாத்தி கணபதி சுப்ரமணியன், 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதன். அங்கே நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் பயிற்சி. பிறகு பரோடாவில் ஆசிரியர் பணி, லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளி, நடுவில் கைத்தறி வாரியத்தில் வேலை, 1966இல் நியூயார்க். இத்தனை ஊர்களையும் பார்த்த பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, 1970களின் பிற்பகுதியில் அவர் கையில் எடுத்தது கடைத்தெருப் படக்காரரின் கண்ணாடி. பூனை, ஆடு, பெண்கள், துர்க்கை என்று வரைந்து குவித்தார். பின்னாளில் அக்ரிலிக் தகட்டிலும் அதே முறையில் தீட்டினார். 2016இல் மறையும்போது வயது 92.

நெசவாளரையும் பொம்மை செய்பவரையும் ஓவியருக்குச் சமமாக வைத்துப் பார்த்தவர் அவர். அவருக்குக் கண்ணாடி இறக்கமாகத் தெரிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நேயர் இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்: எங்கள் வீட்டுப் படத்தை வரைந்தவர் யார்? சீனத்துக் காண்டன் துறைமுகத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த கலை இது. தஞ்சாவூரில் அதைத் தமதாக்கிக்கொண்ட கைகளில் பெரும்பாலானவை பெயர் எழுதி வைக்கவில்லை.

என் பாட்டி வீட்டில் தவழும் கிருஷ்ணர் படம் ஒன்று இருந்தது. பின்பலகை உளுத்து, ஈரம் இறங்கியிருந்தது. தூசி தட்டுவதாக நினைத்துப் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. உடலின் நீலம் துணியோடு வந்துவிட்டது. பாட்டி திட்டவில்லை, படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீலம் போன இடத்தில் சன்னல் கம்பி தெரிந்தது. முதலில் தீட்டிய மைக்கோடும் இரண்டு கருமணிகளும் மட்டும் கண்ணாடியை விடவில்லை. உங்கள் வீட்டுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினால், பின்பக்கம் உலர்ந்த துணியைக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.