மரம் தண்ணி குடிக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தொண்டிப் பக்கம். அப்பா வத்தை என்னும் மரப் பாய்மரப் படகு கட்டும் ஆசாரி. இரண்டு பலகை முட்டுகிற இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்குவார். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சூட்டோடு பூசுவார். வெகுநாள் கரையில் கிடந்த வத்தையைக் கடலில் தள்ளினால் முதல் நாள் தண்ணீர் கசியும். நான் பதறுவேன். "பொறுடா, மரம் தண்ணி குடிக்கட்டும்" என்பார். மறுநாள் பலகை ஊறி உப்பி, கசிவு தானாக நின்றிருக்கும்.

இன்று பேச வந்தது ஃபோக்போட் என்ற சிறு பாய்மரப் படகைப் பற்றி. மக்கள் படகு என்று பொருள். சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய படகு வேண்டுமென்று ஸ்காண்டிநேவிய நாட்டவர்கள் 1941இல் போட்டி வைத்தார்கள். எந்த வரைபடமும் தனியாக வெல்லவில்லை. நல்லதையெல்லாம் சேர்த்து டோர்ட் சுண்டேன் என்ற சுவீடன்காரர் வரைந்து கொடுத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் முதல் படகு கடலில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20. நம் வத்தைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரிதாகத் தெரியாது.

இதில் பலகைகள் முட்டுவதில்லை. ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இரண்டையும் துளைத்துச் செம்பு ஆணி அடித்து மடக்குவார்கள். இடுக்கில் பஞ்சு கிடையாது. இங்கேயும் மரம் ஊறித்தான் இறுகவேண்டும். அப்பா பார்த்திருந்தால் தடவித் தடவிப் பார்த்திருப்பார்.

ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர் ஃபோக்போட் ஒன்றை மாற்றியமைத்து, ஜெஸ்டர் என்று பெயரிட்டு, சீனப் பாய் கட்டினார். மேல்தளத்துக்கு ஏறாமல் உள்ளிருந்தபடியே பாயை இறக்கலாம். 1960இல் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டும் போட்டியில், பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு 48 நாளில் போய் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த சிச்செஸ்டரின் படகு இதைவிட ரொம்பப் பெரியது. என் கணக்கில் ஜெஸ்டர்தான் ஜெயித்தது.

பின்னால் ஃபைபரிலும் ஃபோக்போட் வந்தது. அளவெல்லாம் தாளில் இருந்ததால், பலகை ஏறிய அந்த வரிகூட மாறாமல் வார்த்தார்கள். மரப் படகும் ஃபைபர் படகும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றன.

நம் கரைக்கும் ஃபைபர் வந்தது. வத்தையின் உருவம் அதோடு போய்விட்டது. காற்று அமுக்கும்போது கவிழாமலிருக்க ஆள் ஏறி உட்காரும் குறுக்குப் பலகையைப் பேரப்பிள்ளைகள் பார்த்ததில்லை. அப்பா சாணிலும் முழத்திலும் அளந்தார், எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் இப்போது நான் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். உங்கள் வீட்டுப் பக்கம் பழைய வத்தை கிடந்தால் தயவுசெய்து விறகுக்கு உடைத்துவிடாதீர்கள். அரை நாள் கொடுங்கள், அளந்துகொள்கிறேன்.