செல் ஓர் அன்றாடங்காய்ச்சி

அனைவருக்கும் வணக்கம். சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கண் சொக்கத்தான் செய்யும். தாராளமாகத் தூங்குங்கள், நான் பேசப்போகும் வேலை தூக்கத்திலும் நிற்பதில்லை.

செல்லின் வேலைகளுக்கு உடைந்து ஆற்றல் தரும் மூலக்கூறு ஏடிபி. நம் உடம்பில் எந்த நேரத்தில் பார்த்தாலும் அது சுமார் 50 கிராம்தான் இருக்கும். ஒரு நாள் செலவோ ஏறக்குறைய நம் உடல் எடை அளவு. கணக்கு உதைக்கிறதா? ஒரே மூலக்கூறு உடைந்து, மறுபடி ஒட்டி, நாளொன்றுக்கு ஆயிரம் தடவை போலச் சுற்றி வருகிறது. கொழுப்பை இடுப்பைச் சுற்றிப் பத்திரப்படுத்தும் உடம்பு, இதை மட்டும் சேர்த்து வைப்பதே இல்லை. சுத்த அன்றாடங்காய்ச்சி.

ஏடிபியை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து கண்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டார். சுப்பாராவ் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

சரி, உடைந்ததை ஒட்டுவது யார்? பெரும்பகுதி வேலை, செல்லுக்குள் இருக்கும் குட்டி மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நடக்கிறது. சோற்றிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் போய்ச் சேரும் வழியில், புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை உள்ளே திரும்பும் முக்கிய வாசல் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான் நுழைய நுழைய அதன் தண்டு சுழலும். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுழல்கிறது. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தண்டில் ஓர் ஆக்டின் இழையை ஒட்டி, ஏடிபியைத் தீனியாகப் போட்டு எதிர்த்திசையில் ஓடவிட்டு, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். புரோட்டான்தான் சூத்திரதாரி என்று 1961-ல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. மனிதர் அசரவில்லை. அப்புறம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து அங்கேயே ஆய்வுக்கூடம் போட்டுக்கொண்டார். 1978-ல் நோபல் வந்தது.

அந்தச் சவ்வு ஒழுகினால்? 1930-களில் அமெரிக்காவில் எடை குறைக்க டிஎன்பி என்றொரு மருந்து விற்றார்கள். அது புரோட்டான்களைச் சவ்வின் வழியே கள்ளத்தனமாக உள்ளே கடத்திவிடும். சாப்பாடு எரியும், ஏடிபி தேறாது, எல்லாம் சூடாகப் போகும். எடை குறைந்தது உண்மை. கண்புரை வந்தவர்கள் உண்டு, உடம்பு கொதித்துச் செத்தவர்களும் உண்டு.

இதே ஒழுக்கை உடம்பும் வேண்டுமென்றே பயன்படுத்துகிறது. பச்சிளம் குழந்தைக்குக் குளிரில் சரியாக நடுங்கத் தெரியாது; அதன் பழுப்புக் கொழுப்பில் ஒரு புரதம் புரோட்டான்களைச் சும்மா உள்ளே விட்டுச் சூடேற்றும், குளிர் விட்டதும் அடங்கிவிடும். டிஎன்பி அப்படி அடங்காது. இணையத்தில் இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். விழுங்கியபின் கொடுக்க மாற்று மருந்து எந்த மருத்துவரிடமும் இல்லை.