எதை எடுக்கட்டும் தம்பி?

நேயர்களுக்கு வணக்கம். ராப் ஆல்பங்களைப் பற்றிப் பேச ஒரு நரைத்த தலையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று வீட்டில் சொன்னபோது என் அக்கா மகன், "மாமா, நீங்களா?" என்று சிரித்தான். நான்தான். முப்பது வருடமாகக் கேட்கிறேன். பாதி வார்த்தை அப்போதும் புரியவில்லை, இப்போதும் ரெண்டாவது தடவைதான் புரிகிறது. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற ஆல்பங்களில் கெட்ட வார்த்தை தாராளமாக இருக்கும். கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்ட வேண்டாம். இயர்போன் நல்லது.

ஆல்பத்துக்கு முன்னால் ஒரு கடை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நான் ஆசையாக ஒரு பக்கத்துக்கு எட்டுப் பாட்டு எழுதிக்கொண்டு போவேன். கடைக்கார அண்ணன் பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார், காதில் செருகிய பேனாவை எடுப்பார். "ஆறுதான் தம்பி வரும். ஏழாவது பாதியில அறுந்துடும். எதை எடுக்கட்டும்?" என்பார்.

எதை எடுக்கட்டும்! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். இந்தப் பாட்டு நல்ல பாட்டு, ஆனால் பக்கத்துப் பாட்டும் இதே மாதிரிதான். சரி, இது போகட்டும். அந்தப் பாட்டு நண்பன் சொன்னதற்காக எழுதியது, அதுவும் போகட்டும். இப்படி அடித்து அடித்து மிஞ்சிய ஆறு பாட்டும் தேயத் தேய ஓடும். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம். ஒரு தடவை கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அண்ணன் என்னைக் கேட்காமல் யாரோ வாசித்த தவில் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டார். சண்டைக்குப் போனேன். "காலியா விட்டா மனசு கேக்கல தம்பி" என்றார். அந்த கேசட்டின் ஆறு பாட்டில் நாலு மறந்துவிட்டது. தவில் மறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ராப் கலைஞர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. கேசட் தீராது, இடம் தீராது. அதோடு காசுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்று சொல்கிற அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2014 கடைசியிலிருந்து, ஓர் ஆல்பத்தின் பாட்டுகள் எல்லாம் சேர்த்து இணையத்தில் 1500 தடவை ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு. பிறகு எண்களை மாற்றினார்கள், அடிப்படை அதேதான். மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்துப் பாட்டு ஆல்பம் என்றால் 150 பேர் முழுசாகக் கேட்க வேண்டும். இருபத்தைந்து பாட்டு என்றால் அறுபது பேர் போதும். அப்புறம் எவன் வெட்டுவான்?

அமெரிக்க ராப்பர் கான்யே வெஸ்ட் 2021இல் போட்ட 'டோண்டா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டோண்டா அவருடைய அம்மா பெயர். ஆங்கிலப் பேராசிரியை, 2007இல் இறந்துபோனார். ஆல்பத்தில் 27 பாட்டு, 108 நிமிடம். நம் ஊர்க் கணக்குக்குப் பொருத்தமான எண்தான். முதல் பாட்டில் ஒரு பெண் குரல் 'டோண்டா, டோண்டா' என்று அம்மா பெயரையே போற்றி மாதிரி சொல்லிக்கொண்டு போகும். நடுவில் அந்த அம்மாவின் பழைய பேச்சுப் பதிவு வருகிற இடம் மனசைத் தொடும். ஆனால் கடைசியில் ஏற்கெனவே கேட்ட நாலு பாட்டுகள் 'இரண்டாம் பாகம்' என்று திரும்ப வருகின்றன. அம்மாவைத் தேடிப் போனவனுக்கு வழி மறந்துவிடும். முழுசாகக் கேட்க வேண்டாம். டிரேக்கின் 'ஃபார் ஆல் த டாக்ஸ்', 2023. அதில் 23 பாட்டு. போதாதென்று அடுத்த மாதமே இன்னும் ஆறு சேர்த்தார். அட்டைப்படம் அவருடைய சின்னப் பையன் வரைந்தது, அது எனக்குப் பிடித்தது. ஆல்பத்தைத் தாண்டிப் போங்கள்.

இப்போது கேட்க வேண்டியது. கிளிப்ஸ் என்று ஒரு ராப் ஜோடி. வர்ஜீனியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி. அண்ணன் மாலிஸ், தம்பி புஷா டி. 2009க்குப் பிறகு அண்ணன் பக்தி வழியில் போய், பெயரையே 'நோ மாலிஸ்' என்று மாற்றிக்கொண்டார். பதினாறு வருடம் கழித்து, 2025 ஜூலையில் இருவரும் சேர்ந்து 'லெட் காட் சார்ட் எம் அவுட்' கொண்டுவந்தார்கள். 13 பாட்டு, சுமார் 40 நிமிடம். இசை முழுக்க ஃபாரல் வில்லியம்ஸ். அதன் முதல் பாட்டுக்காகத்தான் இன்றைக்கு நான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாத இடைவெளியில் அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். தம்பி அம்மாவைப் பாடுகிறார். கடைசியாகப் பேசியபோதே அம்மா விடைபெற்றுக்கொண்டிருந்தார், நமக்குத்தான் புரியவில்லை என்கிறார். அண்ணன் அப்பாவைப் பாடுகிறார். கார் வாசலில் நிற்கிறது, ஆள் உள்ளேதான் இருக்க வேண்டும், கதவைத் தட்டுகிறார், திறக்கவில்லை. அழுது புரளாமல், கதவு தட்டுவதை வைத்தே சொல்லிவிடுகிறார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது எட்டும். நாலு நிமிடச் சொச்சம்தான். 108 நிமிடத்தில் கான்யே தேடியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். மற்ற பாட்டுகளில் பழைய போதைமருந்து வியாபாரப் பெருமை நிறையவே இருக்கிறது. அது எனக்கு ஒட்டவில்லை, ஆனாலும் கேளுங்கள்.

கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்', 2024 நவம்பரில் ஓர் அறிவிப்பும் இல்லாமல் வந்து விழுந்தது. 12 பாட்டு. ப்யூக் நிறுவனம் 1987இல் செய்த காரின் பெயர் அது, லமார் பிறந்ததும் அதே வருடம். ஆல்பத்தைத் தொடங்குவது அவர் குரல் இல்லை. டெய்ரா பரேரா என்று ஒரு மரியாச்சி, அதாவது மெக்சிகோ நாட்டுப்புற இசைப் பாடகி ஸ்பானிஷில் இழுக்கிறார். பாட்டுக்கு முன்னால் விருத்தம் பாடுகிற மாதிரியே இருக்கும். அப்புறம் மேளம் இறங்கும். கட்டாயம் கேளுங்கள்.

டைலர், த கிரியேட்டர். 2024இல் 'குரோமகோபியா'. பாட்டுகளுக்கு நடுவே அவருடைய அம்மா குரல் வந்து மகனுக்குப் புத்தி சொல்லும். நல்லது, கொஞ்சம் நீளம். அடுத்த வருடமே 'டோன்ட் டேப் த கிளாஸ்'. பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. நண்பர்களிடம், பொது இடத்தில் ஏன் ஆடுவதில்லை என்று கேட்டாராம். யாராவது போனில் படம் பிடித்துவிடுவார்களோ என்று பயம் என்றார்களாம். அதனால் ஆடுவதற்கென்றே செய்தேன் என்கிறார். நம் கல்யாண வீட்டிலும் இப்போது அதே கதைதானே, ஆடுகிறவர் ரெண்டு பேர், படம் பிடிக்கிறவர் இருபது பேர். கடைக்கார அண்ணன் உயிரோடு இருந்தால் இந்த ஆல்பத்தை அப்படியே ஒரு பக்கத்தில் பதிந்துவிடுவார். ஒரு பாட்டையும் எடுக்க வேண்டியிருக்காது.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் மூன்று பேர் என் தாளில் இருக்கிறார்கள். ஆந்த்ரே 3000இன் புல்லாங்குழல் ஆல்பத்தை விட்டுவிடுகிறேன், அது தனிப் பேச்சு. டோச்சியின் 'அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்', கிராமி வாங்கியது, கேளுங்கள். நம் தமிழ் ராப்பர் அறிவு 2024இல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி'யைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேச நினைத்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய பாட்டியின் பெயரில் ஒரு பேரன் செய்த ஆல்பம். இதை மட்டும் இயர்போனில் கேட்காதீர்கள். கூடத்தில் போடுங்கள், வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. வணக்கம்.