டிராகனுக்குப் பயப்படாத பேத்தி

தலைவர் அவர்களே, மூன்று கூட்டங்களுக்கு நடுவில் இங்கே வந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த வாசகர் வட்டத்து நண்பர்களே, இரண்டு முறை கரண்ட் போயும் மைக்கைக் காப்பாற்றிய ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை துணைத் தலைவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் பேச்சு வாங்கினேன்.

மாயாஜாலப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்பது தலைப்பு. சான்றிதழ், கதை, பிள்ளையின் மனசு என்று மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒகேனக்கல் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

சான்றிதழ் என்றால் படத்துக்குத் தணிக்கை வாரியம் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தருவது. 2023இல் அதைத் திருத்தி, பெற்றவர்கள் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ பிரிவை 7+, 13+, 16+ என வயதுப்படி மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அந்த எண்ணுக்காகத் தியேட்டர்காரர் உங்கள் பிள்ளையை நிறுத்த மாட்டார். ஏ படத்துக்குத்தான் 18 வயதுக் கட்டுப்பாடு. யுஏ என்பது பெற்றவர்களுக்குச் சொல்லும் தகவல். ஆற்றங்கரைப் பலகை மாதிரி. ஆழம் எத்தனை அடி என்று அதில் எழுதியிருக்கும். நம்ம பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று பலகைக்கு எப்படித் தெரியும்?

என் கதையைக் கேளுங்கள். பேத்திக்கு ஆறு வயது. தர்மபுரியில் ஒரு டிராகன் படத்துக்குக் கூட்டிப்போனேன். சான்றிதழா? போஸ்டரில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, எனக்கு அதுவே போதும். முப்பரிமாணக் கண்ணாடி அவள் மூக்கில் நிற்கவில்லை; படம் முழுக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், இன்னொரு கையில் பாப்கார்ன். டிராகன் நெருப்பைக் கக்கியது, பின்வரிசையில் ஒரு பெரியவர் "ஐயோ" என்றார், இவள் பாப்கார்ன் கேட்டாள். கோட்டை இடிந்தது, பாப்கார்ன் கேட்டாள். அப்புறம் ஒரு சின்னக் காட்சி. சத்தமில்லை, சண்டையில்லை. குட்டி டிராகனின் அம்மா கண்ணை மூடுகிறது. அவள் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி தூங்கும் அம்மாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். மருமகள் காலையில் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

இதே பேத்தி திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் படுகளம் பார்த்தவள். களத்தில் மண்ணால் செய்த அத்தனை பெரிய உருவம், பீமன் தொடையில் அடிக்கிறான், செந்நீர் தெறிக்கிறது. அன்றைக்கு மட்டும் ஏன் தூக்கம் கெடவில்லை? பதினெட்டு நாளும் பாரதம் கேட்டு வளர்ந்த என் அக்கா அவளை மடியில் வைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு, பீமன் வேஷக்காரர் அரிதாரம் கலைக்காமல் டீக்கடையில் பன்னைத் தொட்டுத் தின்றதையும் பிள்ளை பார்த்துவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோமே, அக்காவுக்கு ஆழம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அதனால் கதை தெரிந்துகொண்டு போங்கள். எங்கே தெரிந்துகொள்வது? இங்கேதான் நான் வழக்கமாகச் சொல்வதற்கு வருகிறேன், சிரிக்காதீர்கள். மாயக் கதைகள் எத்தனையோ புத்தகமாக வந்திருக்கின்றன. பிள்ளையோடு சேர்ந்து படித்தால், எந்தப் பக்கத்தில் அது முகத்தைத் திருப்புகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நம்ம ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் உட்காரத் தனி இடமில்லை. பள்ளிக்கூடம் விடும்போது நூலகமும் சாத்தியிருக்கிறது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஒரு சிறுவர் அறை, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், கதை சொல்ல ஒரு பாட்டி. இவ்வளவுதான் கேட்கிறோம்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பிள்ளையின் மனசைப் பற்றிப் பேச நேரமில்லை, இன்னொரு மேடையில் பார்ப்போம். மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். தலைவர் அம்மா, முதல் கையெழுத்து நீங்கள் போட வேண்டும்.