விடிந்த பிறகும் மை

நேயர்களுக்கு வணக்கம்.

சித்தூர், நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி. இந்த ஆந்திர-தமிழக எல்லை வட்டாரத்தில் ஆண் முகத்துக்குச் சாயம் ஏறுவது புதுச் சமாச்சாரம் இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு கூத்துக்காரர்கள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். திரௌபதி வேஷம் கட்டுகிறவரும் ஆண்தான். அவர் மேல் அம்மன் வந்துவிட்டால் ஊரே காலில் விழும். மழைக்காக ஆடுகிற விராட பர்வத்தில் அர்ச்சுனன் பிருகன்னளையாக, சேலையும் வளையலுமாக வருகிறான். சிரிக்கிற இடத்தில் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேஷத்துக்கு மழை வரும் என்றும் நம்புவார்கள்.

திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையைப் பாருங்கள். மே மாதத்தில் ஒரு வாரம். ஒரு நாள் பைராகி வேஷம், உடம்பெல்லாம் வெள்ளை. இன்னொரு நாள் பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. அப்புறம் தோட்டி வேஷம், கரி. தொர வேஷத்தில், அதாவது துரை வேஷத்தில், பாளெகாடு என்ற பாளையக்காரனின் தலை விழும். பெண்களைச் சீரழித்த அந்தப் பாளையக்காரனைப் பிடிக்க அம்மன் போட்ட வேஷங்கள் என்பது கதை. கைக்கால குடும்பத்து ஆண்கள் இதைத் தலைமுறையாகக் கட்டுகிறார்கள். அதோடு முடிவதில்லை. வேண்டுதல் வைத்த சாதாரண ஆண்களும், வங்கியில் வேலை பார்க்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாரும், சேலை கட்டி, பூ வைத்து, மை தீட்டித் தெருவில் நடப்பார்கள். கட்டிவிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். 2024 டிசம்பரில் வந்த ஒரு தெலுங்குப் படத்தில் கதாநாயகன் இதே ஜாத்திரைக்குச் சேலை கட்டி வந்தபோது தியேட்டரில் பறந்த விசிலை இந்தப் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே தெருவில் ஒரு கல்லூரிப் பையன் கண்ணுக்கு மை மட்டும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கட்டும். தெலுங்கில் “ஆடங்கி” என்பார்கள். தமிழில் சொல்வதை வானொலியில் சொல்ல முடியாது.

ஆக, நம் ஊருக்கு ஆணின் மை கூசவில்லை. காரணம் இல்லாத மைதான் கூசுகிறது. சாமி, கூத்து, சினிமா, இந்த மூன்றில் ஒரு காரணம் வேண்டும். அதுவும் விடிவதற்குள் அழிந்துவிட வேண்டும்.

மேடை என்ற காரணம் எவ்வளவு பலமானது என்பதற்கு ஆந்திரத்தில் இரண்டு பெயர்கள் போதும். நாடகத்தில் பெண் வேஷம் கட்டியே பேர் வாங்கிய ஸ்தானம் நரசிம்மராவுக்கு 1956இல் பத்மஸ்ரீ. குச்சிப்புடியில் சத்தியபாமாவாகவே வாழ்ந்த வேதாந்தம் சத்யநாராயண சர்மாவுக்கு 1970இல் பத்மஸ்ரீ. தமிழில், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில், படித்த கனவான்களின் நாடகங்களில் கதாநாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு. அந்த சபையைத் தொடங்க முதலியாருக்கு ஆசை மூட்டியதே பெல்லாரியிலிருந்து வந்து ஆடிய ஒரு தெலுங்கு நாடகக் குழு.

இனி கைவேலைக்கு வருவோம். பூசுவது பற்றிக் கேலி பேசுகிறவர்களில் பலருக்கும், பூசிக்கொள்கிற இளைஞர்களில் சிலருக்கும் இது தெரிவதில்லை.

ஆண் முகத்தில் முதல் சிக்கல் தாடி. எவ்வளவு ஒட்டச் சிரைத்தாலும் தாடையில் ஒரு நீலச் சாம்பல் நிழல் தங்கும். அதன் மேல் நேராகத் தோல் நிறப் பூச்சைப் போட்டால் சாம்பல் மேலே எழுந்து நிற்கும். கூத்துக்காரர் என்ன செய்வார்? முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்புப் பொடி கலந்து பூசுவார். தாடைக்கு மட்டும் சிவப்பை ஒரு சிட்டிகை கூட்டுவார். கடையில் இன்று விற்கும் ஆரஞ்சு நிறக் கரெக்டர் செய்வதும் இதே வேலைதான். நீலத்தை ஆரஞ்சு அடக்கிவிடும். சிரைத்து இருபது நிமிடமாவது விடுங்கள். வெட்டுக்காயம் இருந்தால் படிகாரம் தடவுங்கள், அந்த இடத்தில் சாயம் வேண்டாம். பிறகு கரெக்டரை விரலால் தட்டித் தட்டி, நிழல் விழும் இடத்தில் மட்டும். அது படிந்த பிறகு பட்டாணி அளவு ஃபவுண்டேஷன். மேலே பவுடரை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கீழே உள்ள ஆரஞ்சு கிளம்பி, தாடை மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகிவிடும்.

நிறம் பார்ப்பதில்தான் பெரும் பிழை. மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்குவார்கள். முகம் வேறு, மணிக்கட்டு வேறு. தாடையும் கழுத்தும் சேருமிடத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் எதற்கோ தங்கள் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக எடுப்பார்கள். அப்புறம் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, கழுத்து வேறு ஆள் கழுத்து மாதிரி. பார்த்துச் சிரிக்கிறவன் “ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்” என்கிறான். உண்மையில் அவன் கண்ணை உறுத்துவது நிறப் பொருத்தம். பெண்ணுக்கு அப்படிப் பூசினாலும் அப்படித்தான் இருக்கும்.

வெளுப்பு ஆசை பற்றி ஒரு வார்த்தை. 2005இல் ஆண்களுக்கென்றே தனியாகச் சிவப்பழகு க்ரீம் சந்தைக்கு வந்தது. அதை எந்த அப்பாவும் ஆண்மைக் குறைவு என்று சொல்லவில்லை. தங்கள் நிறத்தை மறைக்கப் பூசினால் மரியாதை, கண்ணை எடுத்துக்காட்ட மை வைத்தால் அவமானம்! பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புறம் பக்கம் 2023இல் அப்படிப் பல நோயாளிகளை மருத்துவர்கள் கண்டார்கள். மேக்கப் போடுகிற ஆணுக்கு உண்மையில் ஆபத்து வருவது இப்படிப்பட்ட டப்பாவிலிருந்துதான்.

பழைய சாயங்களும் யோக்கியமில்லை. அரிதாரம் என்ற பெயரே ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல்லின் பெயர். செந்தூரம் என்று விற்பதில் ஈயம் இருக்கலாம். நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. முத்துவெள்ளை துத்தநாக ஆக்சைடுப் பொடி, தோலுக்குப் பழுதில்லை. புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்மடிப்பில் தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஜாத்திரை, திருவிழாக்களில் கையில் போட்டுவிடும் “கறுப்பு மருதாணி”யில் தலைமுடிச் சாயம் கலந்திருக்கும். கொப்புளம் கிளம்பினால் தழும்பு நிற்கும்.

நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் நாமக்கட்டியை உடம்பு முழுக்கக் குழைத்துப் பூசினால் காய்ந்து இறுகும். வியர்வை சரியாக ஆறாது, தலை சுற்றும். அக்குள், முழங்கை, முழங்கால் மடிப்புகளை விட்டுவிட்டுப் பூசுவதும், நேரம் தவறாமல் மோர் குடிப்பதும் அனுபவஸ்தர்கள் வழி. தினசரி மேக்கப்புக்கு அடியில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம், முகத்துக்கும் கழுத்துக்கும்.

உடை விஷயம் இன்னும் வேடிக்கை. தைக்காத துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஊர் முழுக்க நடக்கிற ஆண்கள் நாம். அதே துணியில் ஒரு தையல் போட்டு நாடா கோத்தால் “பாவாடையா?” என்கிறோம். நம் தாத்தாக்கள் காதில் கடுக்கனும் பின்னால் குடுமியுமாக இருந்தவர்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேரன் ஒரு காதில் சிறு வளையம் போட்டால் வீட்டில் சோறு இறங்குவதில்லை.

சேலை கட்ட நினைக்கிற ஆணுக்குக் கூத்துக்காரரின் யோசனை ஒன்று. ஆணுக்கு இடுப்பு நேராக இறங்கும், கொசுவம் நிற்காது, நடக்க நடக்க நழுவும். பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் பாவாடை நாடாவை இறுக்கினால் சேலை உட்காரும். ரவிக்கைக்குப் பெண் அளவைக் கொடுக்காதீர்கள். கையைத் தூக்கியதும் முதுகுப்பக்கம் கிழியும். கைக்குழியை இரண்டு அங்குலம் கூட்டி, அக்குளில் ஒட்டுத்துணி வைக்கச் சொல்லுங்கள். தையல்காரர் முகத்தைச் சுளித்தால் “ஜாத்திரைக்கு” என்று சொன்னால் உடனே தைத்துக் கொடுப்பார். பொய்தான். ஆனால் நம் ஊரின் மனதைத் திறக்கிற சாவி அது.

இந்த வெறுப்பில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. நிஜாமின் ஹைதராபாத்தில் 1919இல் வந்த ஒரு சட்டம், “யூனக்” (ஆண்மையற்றவர்) என்று அவர்கள் முத்திரை குத்திய ஒருவர் பெண் உடையில், நகையில் தெருவில் தெரிந்தாலே வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம் என்றது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2023 ஜூலையில்தான். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை உடையால், சொல்லால், நடையால் வெளிப்படுத்துவது கருத்துரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மை வைத்த பையன் எல்லாம் திருநங்கையும் இல்லை, திருநங்கையாக இருந்தால் அது குற்றமும் இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் கலைப்பது. எண்ணெய்ச் சாயத்துக்கு முதலில் சோப்பு போடாதீர்கள், தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் சிவக்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி இரண்டு நிமிடம் விட்டு, பழைய பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக வழித்தெடுங்கள். பிறகு பயத்தமாவு, வெதுவெதுப்பான தண்ணீர். ஒட்டுமீசையைப் பிய்க்கக் கூடாது, ஓரத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டும். எவ்வளவு கழுவினாலும் புருவ ஓரத்திலும் காதுமடலின் பின்னாலும் கொஞ்சம் சிவப்பும் மையும் இரண்டு நாள் நிற்கும். டீக்கடையில் அதைப் பார்க்கிறவர் கூத்துக்காரரிடம் கேட்பது, “நேத்து எந்த ஊர்ல ஆட்டம்ண்ணா?” கல்லூரிப் பையனிடம் கேட்பது வேறு கேள்வி.

வணக்கம்.